பட்டில் விழுந்த விடைகள்

1980 செப்டம்பர் 17, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து அண்டாவை நிரப்பினேன். அப்பா சரிகை வாங்க முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனார். ஆறரைக்கு மனைவி தறிக்குழியில் இறங்கினாள். களம்பூர் அரிசி ஆலையில் கணக்கு எழுதும் எனக்கு அன்று லீவு. காலைப் பகுதிக்கு டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது.

லீவு போட்டதற்குக் காரணம், மறுநாள் மனைவிக்கு எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ் பரீட்சை. மற்றப் பாடங்களைக் கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிட்டாள். இங்கிலீஷ் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. இந்த முறை தேறினால் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போடலாம். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். ஆனால் தறியில் இருந்த கல்யாணச் சேலையை அந்த வாரக் கடைசியில் கொடுத்தாக வேண்டும். ஆகவே நெய்துகொண்டே படிக்க வேண்டியிருந்தது.

அவளை இரண்டு தடவையும் கவிழ்த்தது வாக்கிய வகைகள். ஒற்றை வாக்கியமாக நிற்பது சிம்பிள். தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு சேர்ந்தால் காம்பவுண்ட். ஒன்று நிற்க, இன்னொன்று அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் காம்ப்ளெக்ஸ். பின்பக்கத்தில் விடை போட்டிருந்த நோட்ஸைப் பார்த்து நான் உரக்கப் படிக்க வேண்டும், அவள் வகையைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. தறிச் சத்தத்தில் அவளும் கத்தித்தான் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

“தப்பா சொன்னா தெருவே சிரிக்கும். நான் வாயைத் தொறக்க மாட்டேங்க,” என்றாள். “பலகையால சொல்றேன். சிம்பிளுன்னா எப்பவும் போல ஒரு அடி. காம்பவுண்டுக்கு ரெண்டு. காம்ப்ளெக்ஸுக்கு மூணு.”

நாடா குறுக்கே ஓடியதும், அது விட்டுப்போன இழையை நெருக்கிச் சேர்க்கப் பலகையை இழுத்து அடிப்பார்கள். அந்த அடியைத்தான் சொன்னாள்.

நான் படித்தேன். இரண்டு அடி. சரி. மூன்று அடி. சரி. “ஹி அண்ட் ஹிஸ் பிரதர் வென்ட் டு வேலூர்” என்றேன். ஒரே அடி விழுந்தது.

“நடுவுல அண்ட் வருதே?”

“ஆளுதான் ரெண்டு. போனது ஒரே போக்குதானே? பின்பக்கம் பாருங்க.”

பின்பக்கம் சிம்பிள் என்றே போட்டிருந்தது. விடைகளை ராத்திரி சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று படித்துக்கொண்டே போனேன். நானே முப்பத்தாறு மார்க்கில் தேறியவன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா ஒருத்தி குரல் கொடுத்தாள். “இன்னாடி, உன் தறி நொண்டிகினு கீது?”

“கால் வலி அக்கா அதுக்கு!”

“உன் வூட்டுக்காரரு இன்னாத்துக்கு இங்கிலீஷ்ல கத்திகினு கீறாரு? மில்லுக்கு மேனேஜரா ஆவப்போறாரா?”

மனைவி சிரித்ததில் நாடா கை தவறி விழுந்தது. எடுத்துப் போட்டாள். சாயங்காலம்வரை படித்தோம்.

ஐந்தரைக்கு அப்பா வந்தார். வந்ததும் கை கால் கழுவி, துணியின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். கை பாதியில் நின்றது.

“இன்னாம்மா இது? பூரா வரி வரியா கீது.”

கூடுதலாக அடி வாங்கிய இடங்களில் இழை நெருங்கி மெல்லிய வரிகள் விழுந்திருந்தன. பகலில் எங்கள் இருவர் கண்ணுக்கும் அவை படவில்லை.

“இதைப் பிரிச்சுத்தான் நெய்யணும். நாளைக்குக் காலையில உக்காந்தீன்னா சாயங்காலத்துக்குள்ள ஆவும்.”

“நாளைக்குப் பரீட்சை, மாமா.”

“கெடு இருக்குதேம்மா.”

நான்தான் நடந்ததைச் சொன்னேன்.

“இங்கிலீஷுக்கும் பலகைக்கும் இன்னாடா சம்பந்தம்? எங்க, அந்த புக்கை எடு.”

கண்ணை மூடிக்கொண்டு விரல்களைத் துணிமேல் நகர்த்தினார். “ரெண்டு,” என்றார். பார்த்தேன். சிம்பிளை விட்டுவிட்டால் விடைப் பட்டியலில் முதலில் வருவது காம்பவுண்ட். “மூணு.” அடுத்தது காம்ப்ளெக்ஸ். “மூணு. ரெண்டு. மூணு.” விளக்கைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தும் எனக்கு எல்லா வரியும் ஒன்றுபோலவே தெரிந்தது. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூட அறியாதவரின் விரல், வாயே திறக்காமல் அவள் சொன்ன பதில்களை வரிசை பிசகாமல் எடுத்துச் சொல்லிக்கொண்டே போனது. மூலையில் நாடாவுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாகூட ராட்டையை நிறுத்திவிட்டாள்.

“ரெண்டு,” என்றார் ஓரிடத்தில்.

“இல்லப்பா, இங்க மூணு வரணும்.”

திரும்பத் தடவினார். “ரெண்டுதான்டா.”

“ரெண்டுதான் அடிச்சேன்,” என்றாள் அவள். “எனக்கே அது சந்தேகம்.”

கடைசி வரிவரை போய் முடித்துக் கண்ணைத் திறந்தார். “மொத்தத்துல ஒண்ணுதான் தப்பா?”

“ஒண்ணுதாம்பா.”

“அந்த ஒண்ணையும் அவளுக்குச் சொல்லிக் குடு,” என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அவள் தேறினாளா என்று கேட்பவர்களுக்காக இங்கேயே எழுதிவிடுகிறேன்: தேறினாள். ஆனால் அந்தச் சாயங்காலம் அது எங்களில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் முதலில் நடந்தது, அப்பா காபிகூடக் குடிக்காமல் தறிக்குழியில் இறங்கி ஊடு இழையை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்ததுதான். மனைவி பேனாவோடு வந்து, “மாமா, போயிட்டு வரேன்,” என்றாள்.

“பேச்சு குடுக்காத, இழை அறுந்துடும்,” என்றார் நிமிராமல். “ஜல்தி போ.”