பன்னிரண்டு நிமிடம்

அக்கா எட்டாம் வகுப்பு தேறிய கோடையில், இனிப் படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். ஒன்பதாம் வகுப்புக்குக் காரைக்குடிதான் போக வேண்டும். பஸ் ஏற, மெயின் ரோடு வரை இரண்டு கிலோமீட்டர் கருவேலங்காடு. கூடப் படித்த பெண்கள் எல்லாம் நின்றுவிட்டதால் அக்கா தனியாக நடக்க வேண்டும்.

அம்மா அப்பாவோடு சண்டை போடவில்லை. கோவிலூர் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸைக் காலையும் மாலையும் எங்கள் ஊருக்குள் விடச் சொல்லி டெப்போவுக்கு மனு எழுதினாள். நான்கு முறை நேரில் போனாள். நான்காம் முறை ஓர் அதிகாரி, நேரந்தான் சிக்கல் என்று விளக்கினார். மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, ஊருக்குள் வந்து ஆளேற்றி, மறுபடி மெயின் ரோட்டைத் தொடப் பன்னிரண்டு நிமிடம்தான் தர முடியும். கூடினால் மற்ற ஊர்களுக்கெல்லாம் பஸ் பிந்திவிடும். வியாழக்கிழமை பஸ்ஸோடு தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

ஊர் திரும்பிய அம்மா முதலில் மாமாவின் டிராக்டரைக் கைப்பற்றினாள். டிரெய்லரின் முன்னும் பின்னும் ஒவ்வொரு பெஞ்சைப் படியாகப் போட்டு, இதுதான் பஸ் என்றாள். மூன்று நாள் சாயங்காலமும் ஊரே வரிசையில் நின்று அந்த பஸ்ஸில் ஏறி இறங்கியது.

"முன்வாசல்ல பொம்பளைக, பின்வாசல்ல ஆம்பளைக. ஏறையில பேச்சு வேண்டாம். வெத்தலைய உக்காந்து போட்டுக்கங்க."

கட்டளை போட்டவள் அம்மா; மாமா கண்டக்டர். ஏறியவர்களில் பாதிப் பேருக்குக் காரைக்குடியில் ஒரு வேலையும் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா அனுப்பிய கைக்கடிகாரம் என்னிடம் இருந்ததால் நேரம் பார்க்கும் பொறுப்பு எனக்கு. முதல் நாள் ஏறி முடிக்க ஏழு நிமிடம். மூன்றாம் நாள் இரண்டு.

வியாழக்கிழமை சொன்னபடி பஸ் வந்தது. ஆடுகளையெல்லாம் கட்டிப் போட்டிருந்தார்கள். பூட்டிக் கிடந்த பெரிய வீட்டு வாசலில் டிரைவர் ஒரே வளைப்பில் திருப்பினார். பெண்கள் சத்தமில்லாமல் ஏறினார்கள். அப்போதுதான், ஒத்திகைப் பக்கமே வராத பெரியப்பா மூன்று வாழைத்தார்களோடு வந்து பின்வாசலை அடைத்துக்கொண்டார். வேறு யாராவது என்றால் அம்மா விரட்டியிருப்பாள். கணவனுக்கு மூத்தவரை என்ன சொல்வது? ஒவ்வொரு தாராக ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ் மெயின் ரோட்டைத் தொட்டபோது என் கடிகாரத்தில் பதினான்கு நிமிடம். அதிகாரி தன் கடிகாரத்தைப் பார்த்தார். எதிரே பழைய சீருடையில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டார்.

"பஸ் வந்தா ஒம்பதாவது சார்."

அவர் மடியிலிருந்த நோட்டைத் திறந்தார். பிறகு, "பதினொண்ணு" என்று சொல்லி எழுதினார்.

பஸ்ஸே கைதட்டியது. மாமா விசிலடித்தார். நான் மட்டும் கடிகாரத்தை உயர்த்திக்கொண்டு எழுந்தேன்.

"இல்ல சார், பதினா..."

அம்மாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. மஞ்சள் வாசனையோடு அந்தக் கை என்னை இழுத்து உட்கார வைத்தது.

ஜூன் மாதத்தில் ஊருக்குள் முதல் பஸ் வந்தது. அக்காவின் பையைச் சுமந்து வந்து ஏற்றிவிட்டவர் அப்பா.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. இவ்வளவு பெரிய அதிகாரிக்கு இப்படி ஓட்டைக் கடிகாரமா என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.