கோழிக்கூட்டுக் கதவில் ஒரு புதினப் பலகை

எங்கள் கோழிக்கூட்டின் கதவு, ஒரு காலத்தில் ஊர்ச் செய்தி எழுதிய கரும்பலகை. கறுப்புப் பூச்சு அங்கங்கே உரிந்து உள்ளே மரம் தெரிகிறது. மேல் விளிம்பில் மட்டும் வெள்ளைப் பெயின்றில் 'இன்றைய புதினம்' என்ற இரண்டு சொற்கள் இன்னும் அழியாமல் நிற்கின்றன. அதை எழுதியவர் என் மச்சாள். பெயின்றுக்குப் பஞ்சம் வைக்காமல் எழுதியிருக்கிறார், இத்தனை மாரிக்கும் போகவில்லை. விடிந்ததும் அப்பா அந்தக் கதவைத் திறந்து கோழிகளை விடுவார். பின்னேரம் அடைப்பது என் வேலை. வீட்டுக்கு வருகிறவர்கள், "கோழியளுக்கும் புதினம் போடுறீங்களோ?" என்று பகிடி விடுவார்கள். நானும் சிரித்துவைப்பேன். சிரிக்காவிட்டால் முழுக் கதையையும் சொல்லவேண்டி வரும்.

நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் நடுவில், கரையோர பஸ் ஆளை இறக்கிவிட்டு உடனே புறப்பட்டுவிடும் ஊர் எங்களுடையது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சனசமூக நிலையம். அதன் முன்சுவரில்தான் இந்தப் பலகை தொங்கியது. மச்சாள் என் அப்பாவின் அக்கா மகள், என்னைவிட எட்டு வயது மூத்தவர், நிலையத்தின் செயலாளர். தலைவர் என்று வேறொருவர் பெயருக்கு இருந்தார். ஊரில் எது நடக்கவேண்டுமென்றாலும் மச்சாளின் சைக்கிள் மணி கேட்கவேண்டும். அவரை இன்றைக்கும் 'அவர்' என்றுதான் எழுதுகிறேன். மரியாதை போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, பழக்கம்தான் விடமாட்டேன் என்கிறது.

செய்தி சேர்ப்பது மச்சாள், எழுதுவது நான். என் எழுத்து வடிவென்று அந்த வேலையை எனக்குத் தந்திருந்தார். மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஒரு புதினம் கிடைப்பதே பெரும்பாடு. ஓகஸ்ட் பிறந்து பள்ளிக்கூட லீவு விட்டால் பலகையில் இடம் போதாது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் யார் யார் வந்திருக்கிறார்கள், எத்தனை கிழமை நிற்பார்கள். கரப்பந்தாட்டத்தில் எங்கள் பெடியளை எந்த ஊர் தோற்கடித்தது. கோயிலில் எந்த நாள் யாருடைய திருவிழா. யாருடைய சிவப்பி மாடு எந்தப் பக்கம் போகக் கண்டது. விளையாட்டு விழா வந்தால் கயிறிழுத்தல், வழுக்கு மரம், யானைக்குக் கண் வைத்தல் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்தவர்களை வரிசையாக எழுதவேண்டும். பெயர் விடுபட்டால் தாய்மார் வீடு தேடி வந்துவிடுவார்கள்.

பலகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதினம் பிழைத்தால், அதைத் தந்தவரே வந்து எல்லாரும் பார்க்கத் தன் கையால் அழிக்கவேண்டும். நான் அழிக்கக்கூடாது, மச்சாளும் அழிக்கக்கூடாது. ஒருமுறை கிண்ணியாவிலிருந்து வத்தகப்பழம், அதுதான் தர்ப்பூசணி, கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் ஞாயிறு லொறி வரும் என்று எழுதுவித்துவிட்டு வராமல் விட்டார். மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கியவர், சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சிரிக்கிற கூட்டத்துக்கு நடுவே உள்ளங்கையால் அந்த வரியை அழித்தார். "லொறி பழுதாப் போச்சு வாப்பா, நாக்குப் பழுதில்லை" என்று சொல்லி, தூக்கிக்கொண்டு வந்த ஒரு பழத்தை அங்கேயே வெட்டிப் பங்கு வைத்தார். பலகையில் இருந்தால் உண்மை என்று ஊர் நம்பியது இந்த வழக்கத்தால்தான்.

அப்பா மட்டும் பலகையை ஒரு நாளும் வாசித்ததில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பார், நேரமெடுக்கும். சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு, எழுத்தின் வடிவை மட்டும் பார்ப்பார். "பிள்ளை எழுதினாச் சரியாத்தான் இருக்கும்" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மச்சாளை நான் எவ்வளவு நம்பினேன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். என்னோடு உயர்தரப் பரீட்சை எழுதிய எல்லாருடைய முடிவையும் பலகையில் போட்டோம். எனக்கு மூன்று பாடமும் போய்விட்டது. சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு என் பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டேன். மச்சாள் சோக்கை வாங்கி டப்பாவுக்குள் போட்டார். "இது புதினமில்லையடி. வா, ரீ குடிப்பம்" என்றார். அதற்குப் பிறகு அவர் கிணற்றில் குதி என்றாலும் ஆழம் கேட்டிருக்கமாட்டேன். எதைப் பலகையில் போடுவது, எதை விடுவது என்று மச்சாளுக்கு நன்றாகத் தெரியும் என்று அன்றைக்கு மனம் குளிர்ந்து நினைத்தேன்.

அப்பாவுக்குக் கரைவலைத் தொழில். வலையைத் தோணியில் ஏற்றிக் கடலில் வளைத்து இறக்கிவிட்டு வர, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றையொன்று நெருங்கி வருவார்கள். அதற்கு அடியில் கல்லில்லாத கடலும் மறிப்பில்லாத நீளமான கரையும் வேண்டும். அப்படியான இடத்தைப் பாடு என்போம். எங்கள் ஊருக்கு ஒரே ஒரு பாடுதான். சண்டைக் காலம் முழுக்க அதில் கால் வைக்க ஏலாமல் கிடந்து, திரும்பக் கிடைத்து அப்போது மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஓகஸ்டில் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளும் ஓடிவந்து கயிற்றில் கை வைப்பார்கள். கை வைத்த எல்லாருக்கும் கறிக்கு மீன் உண்டு. அப்பா அந்த நாட்களில் குரலை உயர்த்தியே கதைப்பார், வீட்டுக்குள்ளேயும்.

அந்த ஓகஸ்டில் மச்சாள் ஒரு புதினத்தோடு வந்தார். "சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாட்டடியில் சிரமதானம். அனைவரும் வருக. பிளேன்ரீயும் பணிசும் வழங்கப்படும்." பாட்டடி என்றால் எங்கள் பாடு இருக்கிற கரை. கலர்ச் சோக்கில் எழுதச் சொன்னார். சுற்றிவர அலையும் தோணியும் கீறினேன். பிறகு, வரவுத்தாளுக்குக் கோடு போடச் சொன்னார். எந்தச் சிரமதானத்துக்கும் வந்தவர்களின் பெயரும் ஒப்பமும் எடுப்போம். அதைக் காட்டினால்தான் பிரதேச செயலகத்தில் மண்வெட்டியும் உழவு மெசினும் தருவார்கள். நான் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு இலக்கம் எழுதினேன். "மேல இடம் விடு. தலைப்பை நான் ரைப் பண்ணி ஒட்டுறன். கையால எழுதினா அங்க எடுக்கமாட்டினம்" என்றார். விட்டேன். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

சனிக்கிழமை ஊரே இறங்கியது. லீவில் வந்தவர்கள் கையுறை போட்டுக்கொண்டு போத்தல் பொறுக்கினார்கள். பெண்கள் நாங்கள் தாழம்பற்றைகளை வெட்டி இழுத்தோம். அப்பாவும் இன்னும் நாலு பேரும் மணலுக்குள் புதைந்து கிடந்த பழைய முள்ளுக்கம்பியைத் தோண்டி எடுத்துச் சுருட்டினார்கள். அவருடைய உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. மண்ணை அள்ளி அப்பிக்கொண்டு திரும்பவும் குனிந்தார். மச்சாள் மைக் பிடித்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பகிடி பண்ணி வேலை வாங்கினார். ரீ குடிக்க வந்த இடத்தில் நான் தாளோடு நின்றேன். முதல் ஆளாக அப்பாவைக் கூப்பிட்டேன். "இதென்ன தாள் பிள்ளை?" என்றார். "வரவுத்தாள் அப்பா, ஒப்பம் வையுங்கோ" என்றேன். வைத்தார். அவர் வைத்ததைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். ஒருவர் விடாமல் நானே தேடித் தேடி வாங்கினேன். அந்தச் சுறுசுறுப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம்போல் இருக்கிறது.

மாரி முடிந்து வலை இறக்கப் போனபோது கரையில் வேலி இருந்தது. தாழம்பற்றை நின்ற இடத்திலிருந்து அலை அடிக்கிற இடம் வரைக்கும் புதுக் கம்பி. அதற்குள் ஹொட்டேல் வரப்போகிறது என்று காவலாளி சொன்னான். பாடு நடுவில் வெட்டுப்பட்டுவிட்டது. ஒரு கூட்டம் கயிற்றோடு மற்றக் கூட்டத்திடம் நடந்து வர வழியில்லை. அப்பாவும் சில பேரும் பிரதேச செயலகத்துக்குக் கேட்கப் போனார்கள், எழுத வாசிக்க என்று என்னையும் கூட்டிக்கொண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "நீங்கள்தானே ஓம் எண்டு ஒப்பம் வைச்சுத் தந்திருக்கிறீங்கள்" என்று ஒரு கடதாசிக் கோவையைத் திருப்பிக் காட்டினார்.

என் கோடுகள். என் இலக்கங்கள். முதலாவதாக அப்பாவின் ஒப்பம், அதன் ஓரத்தில் பழுப்பாகக் காய்ந்த இரத்தம். மேலே நான் விட்ட இடத்தில் ரைப் பண்ணி ஒட்டிய கடதாசி: இந்தக் கரைத்துண்டை உல்லாசப் பயணத் தேவைக்குக் கொடுப்பதில் ஊர் மக்களாகிய எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. கீழே, செயலாளர் என்ற இடத்தில், மச்சாளின் வடிவான ஒப்பம்.

நேரே மச்சாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே கேட்டேன். அவர் மறுக்கவில்லை, அழவும் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு, "இருந்து கதை" என்றார். "ஊருக்கு நல்லதுதானேடி? பெடியளுக்கு வேலை வரும். கேட்டா ஒருத்தரும் ஓம் எண்டிருக்கமாட்டினம்."

"அதுக்கு? உங்கட சொந்த மாமாவை ஏமாத்துறதோ? என்ர கையால?"

"உன்ர கையால எண்டபடியாத்தான் நடந்தது" என்றார். எந்த வன்மமும் இல்லாமல், ஒரு கணக்கை விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னார். அந்த நிமிடம் எனக்கு எல்லாம் வெளித்தது. பரீட்சை முடிவை மறைத்த அன்பும் பொய்யில்லை, இதுவும் பொய்யில்லை. இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான். முழுக்கக் கெட்டவர் என்றால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்! பலகைக்கு வந்து அந்தப் புதினத்தை அழிக்கச் சொன்னேன். நாளைக்கு வாறன் என்றார். வரவில்லை. ஹொட்டேல் திறந்தபோது முன்மேசையில் அவருக்கு வேலை கிடைத்தது. பெடியளில் இரண்டு பேருக்குப் புல் வெட்டும் வேலை. பிறகு கலியாணம் கட்டி வெளிநாடு போய்விட்டார்.

அதற்குப் பிறகு பலகைக்குப் புதினம் தர யாரும் வரவில்லை, எழுத எனக்கும் கை போகவில்லை. நிலையத்தைத் திருத்தியபோது கழற்றிப் போட்ட பலகையை நான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அப்பா தோணியை விற்றுவிட்டு, குச்சவெளியில் இன்னொருவரின் வலை இழுக்க விடியற்காலை பஸ்ஸில் போய்வந்தார், முழங்கால் விடும்வரைக்கும். என்னை ஒரு சொல் ஏசியதில்லை. ஒரே ஒரு நாள், வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு இருக்கும்போது சொன்னார்: "நீ எழுதினதெண்டுதான் பிள்ளை நான் வாசிக்கேல்லை." குற்றமாகச் சொல்லவில்லை, தன் பிழையாகச் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்த ஓகஸ்ட் லீவுக்கு மச்சாள் வந்தார். தங்கியது அதே ஹொட்டேலில். சொக்லட் பையோடு எங்கள் வீட்டுக்கும் வந்தார். தலை நரைத்திருக்கிறது, சிரிப்பு அப்படியே இருக்கிறது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, கரை என்ன வடிவா இருக்கு! முந்தி ஒரே பற்றையும் குப்பையும்" என்றார்.

"ஓம் பிள்ளை. நாங்கள்தானே துப்புரவாக்கினனாங்கள்" என்றார் அப்பா.

மச்சாளின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. நான் பார்த்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, வளவுக்குப் பின்னால் அவரைக் கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டி, சோக்குத் துண்டொன்றை நீட்டினேன். அழிக்க அந்த வரி இப்போது இல்லை, பிழை என்று எழுதவாவது வேண்டும்; ஏன் நீட்டுகிறேன் என்று அவருக்குத் தெரியும். அந்த வழக்கத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர். சோக்கை வாங்காமல், "ஐயோ, என்ர எழுத்து!" என்று தொலைபேசியை எடுத்தார். கோழிக்கூட்டோடு சாய்ந்து நின்று படமெடுத்தார். "இன்னும் அதையே பிடிச்சுக்கொண்டு இருக்கிறியோ? முடிஞ்ச கதையடி" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அன்று பின்னேரமே அந்தப் படம் முகநூலில் வந்தது. 'ஊர் நினைவுகள்' என்று எழுதியிருந்தார். ஊர்ச் சனமும் விருப்பம் போட்டிருந்தது.

கோழிகளை அடைத்துவிட்டு, ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, சோக்கை எடுத்தேன். தந்தவர் அழிக்கமாட்டார். எழுதியவள் நான் இருக்கிறேன். எழுதிக் கனகாலமானதில் முன்னைய வடிவு வரவில்லை. 'திருத்தம். சனிக்கிழமை பாட்டடியில் நடந்தது சிரமதானம் அல்ல. தாளின் தலைப்பு வெறுமையாக இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒப்பம் வாங்கினேன். அப்பா, என்னை மன்னியுங்கோ.'

விடிந்து எழும்பிக் குசினி யன்னலால் பார்த்தேன். அப்பா கூட்டடியில் நின்றார். உள்ளே கோழிகள் கத்தி அடித்துக்கொண்டிருந்தன. அவர் கதவில் கை வைத்தவர், கையை எடுத்துவிட்டு, திரும்பி வந்து அலுமாரியில் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு, உதடு அசைய, எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கடைசிச் சொல் வரைக்கும் வாசித்தார். பிறகுதான் கதவைத் திறந்தார். நான் எழுதிய ஒன்றை அப்பா வாசித்தது அன்றுதான் முதல் தடவை.