தேருக்குக் கட்டை போடும் வீடு

குன்னூரில் எங்கள் தெருவுக்கு மேலே இருக்கும் மாதா கோயிலை யார் கட்டினார்கள் என்று கேட்டால், ஆளுக்கொரு பதில் வரும். கோயில்காரர்கள் கப்பலில் வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவரைச் சொல்வார்கள். கொத்துவேலைக் குடும்பங்களோ, சாமியார் குடை பிடித்துக்கொண்டு நின்றார், கல் சுமந்தது எங்கள் ஆட்கள் என்பார்கள். என் அம்மாவைக் கேட்டால் அந்த வரலாறே எங்கள் வீட்டு வாசலில்தான் தொடங்கும்.

நாங்கள் கோயமுத்தூரிலிருந்து மலையேறிய மளிகைக்கடைக் குடும்பம். கும்பிடுவது மாரியம்மனை. ஆனால் எந்தக் காலத்திலோ, திருவிழாத் தேர் எங்கள் வாசல் இறக்கத்தில் பிடி விட்டு உருள, தாத்தா ஒரு கட்டையைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் போட்டாராம். அன்றிலிருந்து தேர் அங்கே நிற்கும். எங்கள் வீட்டு ஆள்தான் கட்டை போட வேண்டும். அந்தக் கட்டை மட்டும் இல்லையென்றால் மாதா நேரே மார்க்கெட்டுக்குள் போய்த்தான் நின்றிருப்பாள் என்பது அம்மாவின் கட்சி.

போன வருடம் வரை கட்டை போட்டவர் அப்பா. இந்தத் தை மாதம் அவர் இறந்துபோனார். திருவிழா நெருங்கியபோது, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த சாமியார், விசாரிக்கப் போன அம்மாவிடம் தேரைப் பிக்கப் வண்டியில் ஏற்றப்போவதாகச் சொன்னார்.

"ஹேண்ட் பிரேக் இருக்கும்மா, கட்டை எதுக்கு? வழியில நிக்க வேண்டியதே இல்ல."

நியாயமான பேச்சுதான். கடற்கரை ஊர்க்காரருக்கு மேடு பள்ளம் தெரியாது என்று அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் அவளுடைய பயம் எனக்குத் தெரியும். அப்பா இல்லாத முதல் வருடமே மாதாவும் வாசலைத் தாண்டிப் போய்விடுவாளோ என்பதுதான் அது. எனக்கும் மனசு கஷ்டமாக இருந்தது.

"நான் சாமியார்கிட்டப் பேசிப் பாக்கறேன்" என்றேன்.

"நீ பேசி என்னைக்குடா காரியம் ஆயிருக்குது?" என்றாள்.

திருவிழா அன்று பிக்கப் இறக்கத்தில் மெதுவாக வந்தது. அம்மா கட்டையோடு போய் நடுத்தெருவில் நின்றுகொண்டாள். டிரைவர் பிரேக் அடித்தார். அம்மா சாவகாசமாகக் குனிந்து டயருக்கு முன்னால் கட்டையை வைத்தாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள், கண்ணை மூடினாள். பாண்டு வாத்தியக்காரர்கள் ஒரு பாட்டை முடித்து அடுத்ததையும் ஆரம்பித்துவிட்டார்கள். அவள் அசையவில்லை.

சாமியார் இறங்கி வந்தார். "அம்மா, கட்டைய எடுத்துரலாமா?"

"பொறுங்க சாமி. எங்கூட்டுக்காரரு அங்க நல்லா இருக்கறாருங்களான்னு கேட்டிருக்கறேனுங்க. பதில் வரட்டுங்க."

சாமியார் திரும்பி, எஞ்சினை நிறுத்தும்படி டிரைவருக்குக் கை காட்டினார்.