ஓட்டைப்பானை வீட்டு வாசலில் புனிதர் நின்றது

இத்தாலி மலைமேல் இருக்கும் எங்கள் பியெத்ராஸ்கூராவில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் பெத்ரெல்லா. மீதிப் பாதிப் பேர் பெத்ரெல்லா வீட்டில் பெண் எடுத்தவர்கள். ஆகவே இங்கே யாரையும் குடும்பப் பெயர் சொல்லித் தேடிப் பிரயோஜனமில்லை. தபால்காரர்கூடப் பட்டப்பெயரைத்தான் கேட்பார். கோணமூக்கு வீடா, ஈரவிறகு வீடா, ஓட்டைப்பானை வீடா? பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் ஊருக்கு இரக்கம் கிடையாது. வைத்த பிறகு மறதியும் கிடையாது.

பஸ் ஓட்டும் நுன்சியோ பெத்ரெல்லா ஓட்டைப்பானை வீடு. காரணம் அவருடைய தாத்தா. ஊரே கப்பலேறி அர்ஜென்டினாவுக்குப் போன காலத்தில் அவரும் கிளம்பிப் போனார், நேப்பிள்ஸ் துறைமுகம் வரை. அங்கே எதையோ வாங்கித் தின்றார். வயிறு கெட்டது. கப்பல் ஊதியபோது அவர் எழுந்துவர முடியாத ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கப்பல் போயிற்று. அதில் முன்பே ஏற்றியிருந்த அவருடைய பெட்டி மட்டும் அர்ஜென்டினாவைப் பார்த்தது. அவர் மலையேறித் திரும்பி வந்தார். அன்றிலிருந்து அவரும் அவர் சந்ததியும் ஓட்டைப்பானை.

பட்டப்பெயரோடு போயிருந்தால் நுன்சியோ பொறுத்துக்கொண்டிருப்பார். ஊரிலேயே கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் உறவுகூட இல்லாத வீடு அவருடையது ஒன்றுதான். அது ஆகஸ்ட் மாதத்தில் பெரிய குறை. புனித தொனாத்தோ திருவிழாப் பவனியில், தோளில் தூக்கிவரும் புனிதரின் சொரூபம் எல்லா வாசலிலும் நிற்பதில்லை. அந்த வருஷம் யார் வீட்டுக்குக் கடல் தாண்டி உறவு வந்திருக்கிறதோ, அந்த வாசலில்தான் நிற்கும். பேண்டு வாத்தியம் ஒரு பாட்டு முழுதாக வாசிக்கும். வீட்டுக்காரர் மாடியிலிருந்து பட்டு விரிப்பைத் தொங்கவிட்டு, கீழே வந்து தலைகுனிந்து நிற்பார். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சொரூபத்தின் அங்கியில் பண நோட்டுகளை ஊசியால் குத்துவார்கள். வாசலில் நிற்பது அதற்கு நன்றியாக வந்த வழக்கம். இப்போது யாரும் எதையும் குத்துவதில்லை. ஆனால் புனிதருக்கு நின்று பழகிவிட்டது.

நுன்சியோவுக்கு வயது அறுபத்தொன்று. கல்யாணமாகவில்லை. கீழே ரயில் நிலையத்திலிருந்து மலைமேல் இருக்கும் ஊர் வரை பஸ் ஓட்டுவதுதான் அவர் பார்த்த ஒரே வேலை. ஒவ்வொரு கோடையிலும் அந்த பஸ்ஸில்தான் எல்லார் வீட்டு உறவுகளும் வந்து இறங்குவார்கள். பெட்டியை இறக்கிக் கொடுப்பார், வீட்டைக் காட்டுவார், அழுதால் கைக்குட்டை நீட்டுவார். திருவிழா அன்று தன் வாசலில் நின்று, புனிதர் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்ப்பார். சபீனோ சொரூபத்துக்குத் தோள் கொடுக்கும் நால்வரில் ஒருவன், கசாப்புக்கடை வைத்திருப்பவன். ஒவ்வொரு வருஷமும் அந்த இடம் வந்ததும் சத்தமாகச் சொல்வான்: "இங்க நிறுத்தம் கிடையாது, வண்டிய எடு!"

போன வருஷம் திருவிழா வாரத்தில் மிர்த்தா பெத்ரெல்லா வந்து இறங்கினாள். அர்ஜென்டினாவில் கோர்தோபா நகரம். பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவள். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பாதி ஸ்பானிஷும் பாதி இத்தாலியனுமாகக் கேட்டாள்.

"ஏங்க, இந்த ஊர்ல பெத்ரெல்லா குடும்பம் இருக்காங்களா?"

"இல்லாத சந்து இல்லம்மா."

"என் தாத்தா பஸ்க்வாலே பெத்ரெல்லா. இங்கருந்து கப்பலேறிப் போனவரு. அவரு வீட்டு ஆளுங்க யாராவது மிஞ்சியிருந்தா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். பட்டப்பெயர்னு ஏதோ இருந்துச்சாம். எங்க வீட்டுல யாருக்கும் ஞாபகம் இல்ல."

நுன்சியோ கண்ணாடியில் பார்த்தார். அந்த மூக்கு பாதி தூரம் நேராக வந்து, பிறகு மனசு மாறினதுபோல இடப்பக்கம் திரும்பியிருந்தது. கோணமூக்கு வீட்டு மூக்கேதான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்த வீட்டு லொரேத்தா அவர் வீட்டுக்கு எதிர்வரிசையில் குடியிருக்கிறாள். அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. வளைவுகள் வந்தன, போயின. கடைசி வளைவில் வாயைத் திறந்தார்.

"பஸ்க்வாலேயா? அவரு எங்க தாத்தாவோட தம்பியாச்சே. வா தங்கச்சி. வீட்டுக்குப் போலாம்."

மிர்த்தா அழுதாள். நுன்சியோ கைக்குட்டை நீட்டினார். இந்த முறை அவருக்கும் ஒன்று தேவைப்பட்டது.

சதுக்கத்தில் அவள் இறங்கியதை ஊரே பார்த்தது. எல்லாரும் முதலில் பார்த்தது மூக்கை. பிறகு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுன்சியோ நடந்த திசையை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். தமாஷ் எது வரைக்கும் போகும் என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

மறுநாள் காலை, பஸ் கிளம்புவதற்கு முன் லொரேத்தா ஏறினாள். ஆகஸ்ட் வெயிலில் கம்பளித் துண்டால் பாதி முகத்தை மூடியிருந்தாள். நுன்சியோ சண்டைக்குத் தயாரானார்.

"அண்ணே, அந்த மூக்க நான் தூரத்துலயே பாத்துட்டேன்."

"எந்த மூக்கு? நான் கவனிக்கல."

"கவனிக்காதீங்க. அப்படியே இருங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம். பஸ்க்வாலே பாகத்துல இருந்த ரூமை இடிச்சுத்தான் நாங்க பாத்ரூம் கட்டிருக்கோம். அவ பங்கு கேட்டு வந்திருந்தா நான் எங்கண்ணே போய்க் குளிப்பேன்?"

"அந்தப் பொண்ணு பங்கு எதும் கேக்கல லொரேத்தா."

"முதல் நாளே யாரு கேப்பா? முதல்ல அழுவாங்க. அப்புறம் போட்டோ எடுப்பாங்க. மூணாம் நாள் சுவத்த அளப்பாங்க. நீங்களே வெச்சுக்குங்க. திருவிழா முடியிற வரைக்கும் எங்க வீட்டு ஜன்னல் திறக்காது."

கடல் தாண்டி ஓர் ஆள் ஊருக்கு வந்தால், வீட்டில் பங்கு கேட்கத்தான் வந்திருக்கிறார் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் பிறக்கும்போதே கொண்டுவரும் அறிவு. வெறுமனே பார்க்க எவனாவது இவ்வளவு தூரம் வருவானா?

நுன்சியோ தன் பொய்யை முழு மனதோடு செய்தார். தக்காளி மூட்டை கிடந்த அறையை ஒழித்து, "பஸ்க்வாலே பொறந்தது இங்கதான்" என்றார். மிர்த்தா அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய், நேப்பிள்ஸில் கப்பலைத் தவறவிட்ட தாத்தாவைக் காட்டி, "தம்பிய நெனச்சு நெனச்சே போய்ட்டாரு" என்றார். மிர்த்தா பெரிய மலர்க்கொத்து வாங்கி வைத்தாள். பெட்டி போய்ச் சேர்ந்த நாட்டிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் பதில் மரியாதை அதுதான். வீட்டில் கையால் மாவு உருட்டிப் பாஸ்தா செய்ய மிர்த்தா அவரிடம் கற்றுக்கொண்டாள். இருவரும் மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து உருட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, அண்ணன் தங்கை போலத்தான் இருந்தது. அதாவது, எப்படி உருட்டுவது என்று சண்டை போட்டார்கள்.

புனிதர் எங்கெங்கே நிற்பார் என்று முடிவு செய்வது பங்குச்சாமியார் எஜீடியோ. நுன்சியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன் போய் நின்றார். சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நுன்சியோ, எனக்குக் கண்ணுதான் மங்கல். பொய்க்கு முன்னாடி சொரூபத்த இறக்கச் சொல்றியா?"

நுன்சியோ பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து குரல் வந்தது. கம்பளித் துண்டோடு லொரேத்தா.

"சாமி, அந்தம்மா ஓட்டைப்பானைதான். எங்க வீட்டுக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல."

"லொரேத்தா, நீ கண்ணாடில உன் மூஞ்சியப் பாத்திருக்கியா?"

"என் பையன் கெரார்தோ தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன் சாமி."

சாமியாருக்கு வேறு வழியில்லை. மூக்குள்ள வீடே மூக்கை மறுத்துவிட்டது. நுன்சியோ வாசலையும் பட்டியலில் சேர்த்தார். நுன்சியோ டவுனுக்குப் போய்ச் சிவப்புப் பட்டு விரிப்பு வாங்கி வந்து, முந்தின நாளே தொங்கவிட்டார். அன்று பஸ் ஒவ்வொரு முறையும் அந்த வீட்டைத் தாண்டும்போது வேகம் குறைந்தது.

திருவிழா அன்று மதியம், ஆட்டுக்கறியும் ஒயினும் முடிந்த பிறகு, மிர்த்தா சொன்னாள்: "அண்ணே, நான் வந்த காரியத்தச் சொல்லவே இல்லையே. எங்கப்பா சாகும்போது ஒண்ணு சொன்னாரு. அங்க நம்ம பேர்ல ஒரு பாகம் இருக்கு, அது நமக்கு எதுக்கு, அங்கயே இருந்தவங்களுக்கு எழுதிக் குடுத்துடுன்னாரு. என் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. நான் ஒருத்தி கையெழுத்துப் போட்டாப் போதும். திங்கக்கிழமை பத்திரம் எழுதறவருகிட்ட போலாமா?"

நுன்சியோ கரண்டியைக் கீழே வைத்தார்.

இந்த இடத்தைப் பற்றி எங்கள் ஊர் பாரில் இன்றும் இரண்டு கட்சி. அவருக்கு மனசாட்சி உறுத்தியது என்பது ஒரு கட்சி. பத்திரக்காரர் முன்னால் போனால் எப்படியும் அகப்பட்டுக்கொள்வோம் என்று கணக்குப் போட்டார் என்பது இன்னொன்று. பவனி ஆறு மணிக்கு, பத்திரம் திங்கட்கிழமை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்று சாயங்காலம் புனிதர் நின்றிருப்பார் என்பதை இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்கின்றன.

"தங்கச்சி, நீ எங்க ஆளு இல்ல," என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். கப்பல், தாத்தாவின் வயிறு, தக்காளி அறை, கல்லறை, சாமியார் முன் லொரேத்தா செய்த சத்தியம். மிர்த்தா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான் பூ வெச்சது யாருக்கு?"

"பேதி ஆகி ஊரு திரும்பினவருக்கு."

"என் ஆளுங்க யாரு?"

"எதிர்ல. ஜன்னல் மூடியிருக்கு பாரு, அந்த வீடு."

மிர்த்தா எழுந்து தெருவைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினாள். நுன்சியோ மாடிக்குப் போய் விரிப்பை உள்ளே இழுத்து மடித்தார்.

எதிர் வீட்டில் முதலில் யாருமில்லாததுபோல இருந்தது. மிர்த்தா வாசலில் நின்றபடியே "பங்கு கேக்க வரல, எழுதிக் குடுக்க வந்தேன்" என்று சத்தம் போட்டதும் கதவு, ஜன்னல் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்தன. கெரார்தோ கல்யாணத்துக்கு முன் மாடி கட்ட வேண்டும். பஸ்க்வாலே பாகம் தொங்கலில் இருந்ததால் எந்த வங்கியும் கடன் கொடுக்கவில்லை. லொரேத்தா துண்டைக் கழற்றி எறிந்து, "நம்ம மூக்கு! நம்ம மூக்கு!" என்று மிர்த்தாவைக் கட்டிக்கொண்டாள்.

"தாத்தா பொறந்த ரூமைப் பாக்கணும்," என்றாள் மிர்த்தா.

காட்டினார்கள். ரோஸ் நிற டைல்ஸ், துணி துவைக்கும் இயந்திரம். மிர்த்தா உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே குடும்பமே வரிசையில் நின்றது. வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"சரி. கையெழுத்துப் போடறேன். ஆனா இன்னிக்குப் புனிதர் அந்த வீட்டு வாசல்ல நிக்கணும்."

"அது எப்படி முடியும்? நீ எங்க ஆளாச்சே!" என்றாள் லொரேத்தா.

"நேத்து வரைக்கும் இல்லையாமே. சாமியார்கிட்ட சத்தியம்கூடப் பண்ணினீங்களாமே."

ஆறு மணிக்குப் பவனி கிளம்பியது. அதற்குள் சேதி ஊரெல்லாம் போய்விட்டது. சொரூபம் லொரேத்தா வாசலில் நின்றது, பாட்டு வாசித்தார்கள். பிறகு நகர்ந்து நுன்சியோ வீட்டை நெருங்கியது. சபீனோ வழக்கமான வாக்கியத்துக்குத் தொண்டையைச் செருமினான். லொரேத்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து சொரூபத்துக்கு முன்னால் குறுக்கே நின்றாள்.

"நிறுத்துங்க! இங்கயும் நிக்கணும்!"

"லொரேத்தா," என்றார் எஜீடியோ சாமியார், "அந்தம்மா உங்க வீடுன்னு இப்பத்தானே நின்னுட்டு வந்தோம்?"

"எங்க வீடுதான் சாமி. ஆனா வந்து இறங்கினது எந்த வீட்டுல? சோறு தின்னது எந்த வீட்டுல? நாங்க கதவ மூடிக்கிட்டோம். இந்த மனுஷன் திறந்தாரு. என் பையன் தலையில அடிச்சு..."

"அந்தத் தலைய விடு. அன்னிக்கே நிறைய அடி வாங்கிடுச்சு."

"சாமி, சீக்கிரம் முடிவு பண்ணுங்க. தோள் போகுது," என்றான் சபீனோ.

சாமியார் மிர்த்தாவைப் பார்த்தார். அவள் லொரேத்தாவின் வீட்டு வரிசையை விட்டு விலகி, தெருவின் நடுவில் நின்றிருந்தாள். நுன்சியோ வாசலில் இருந்தார். வேலைச் சட்டையோடு, ஷேவ் செய்யாமல். இறக்குங்கள் என்று சாமியார் கையால் காட்டினார்.

நால்வரும் சொரூபத்தை இறக்கித் தாங்குகட்டையில் வைத்தார்கள். வாத்தியம் தொடங்கியது. நுன்சியோவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புனிதரின் முகத்தை அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. எப்போதும் பக்கவாட்டில் போகிற முகம்தானே. பாட்டு பாதியில் இருக்கும்போதுதான் தலைகுனிய ஞாபகம் வந்தது. குனிந்ததும் பாட்டு முடிந்துவிட்டது. சபீனோ தண்டில் கை வைத்தான்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் நுன்சியோ.

"ஒரு வாசலுக்கு ஒரு பாட்டுதாண்ணே."

"நான் சரியாக் கேக்கல."

சபீனோ சாமியாரைப் பார்த்தான். சாமியார் புனிதரைப் பார்த்தார். பேண்டு வாத்தியத் தலைவர் யாரையும் பார்க்காமல் கையை உயர்த்தினார். முதலிலிருந்து மறுபடி வாசித்தார்கள்.