துபாய் டெர்மினலில் மெக்சிகோ சாப்பாடு

சவூதியில் நான் வேலை பார்த்த ஜுபைலிலிருந்து தஹ்ரான் விமான நிலையம் சுமார் நூறு கிலோமீட்டர். டாக்சியில் வரும்போதே வயிறு கூப்பாடு போட்டது. போட்டால் போடட்டும் என்று விட்டுவிட்டேன். துபாயில் விமானம் மாறி மாலையில்தான் திருவனந்தபுரம். நடுவில் துபாயிலேயே மச்சினன் சுடலைமுத்து கையால் சாப்பிடுவதாக ஏற்பாடு.

1996-ஆம் வருட லீவு அது. துபாய் டெர்மினலில் நகைக்கடைகளைத் தாண்டினால் ஒரு மெக்சிகோ ஹோட்டல். வாசலில் குடை அகலத்துக்கு ஒரு தொப்பி தொங்கியது. உள்ளே சமைப்பதோ கோவில்பட்டிக்காரன். சிரிக்காமல் என்ன செய்வது?

சுடலை அங்கே ஹெல்பர். வெங்காயம் உரிக்க வந்தவன், பார்த்துப் பார்த்தே எல்லாம் பழகிக்கொண்டான். பெரிய குக் லீவில் போயிருந்ததால் அந்த மாதம் அடுப்பு இவன் பொறுப்பு. அவர் திரும்பும்வரை ஒரு புகாரும் வராவிட்டால் இவனையும் குக் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். லெபனான்காரரான அவருக்கு ஒரே சட்டம்: தட்டுக்கு மேல் ஒரு கரண்டிகூடக் கொடுக்கக் கூடாது.

எனக்குக் கோழியும், மசித்த பீன்ஸும், சூடான சோள ரொட்டியும் வந்தன. தட்டு இருபத்திரண்டு திர்ஹம். தொட்டுக்கொள்ளத் தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி. அடேயப்பா, எல்லாம் நம் வீட்டுச் சாமான்தான், சேர்மானம்தான் வேறு. வெளுத்துக் கட்டினேன்.

அப்போது பரிமாறும் பிலிப்பைன்ஸ் பெண் உள்ளே ஓடினாள். மூலை மேஜையில் உட்கார்ந்திருக்கும் மீசைக்காரர் மெக்சிகோவிலிருந்தே வந்தவராம். சுடலை வெளிறிப்போய் என்னிடம் வந்தான்.

"அத்தான், இத்தன நாள்ல ஒரு மெக்சிகோக்காரன்கூட இங்க சாப்பிட்டதில்ல. இவரு ஒண்ணு சொல்லிட்டாருன்னா என் சோலி முடிஞ்சுது."

எனக்குச் செய்ததையே அவருக்கும் செய் என்று விரட்டினேன். தைரியம் சொல்லிவிட்டேனே தவிர, நானும் என் தட்டை விட்டுவிட்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனிதர் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு குனிந்தவர் நிமிரவே இல்லை. கடைசியில் ரொட்டியால் தட்டை வழித்தார். சுடலைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. காலித் தட்டைப் பார்த்தால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? கேட்டா பரிமாறுவோம்? கரண்டியோடு ஓடினான். அவர் போதும் போதும் என்று தட்டின் குறுக்கே கையை நீட்ட, இவன் கை இடுக்கு வழியாகவே பீன்ஸை ஊற்றி, மேலே இரண்டு ரொட்டியும் போட்டான். நம் ஊர்க் கல்யாணப் பந்தியேதான்!

மேனேஜர் வந்துவிட்டார். யார் கேட்டார்கள் என்று அவர் ஆங்கிலத்தில் ஆரம்பிக்கவும் மெக்சிகோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் அம்மாவும் இப்படித்தான், வேண்டாமென்றால் கேட்கவே மாட்டாள் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, அதையும் தின்று முடித்தார். எழுந்து சுடலையின் தோளைத் தட்டி, இவர்தான் குக்கா என்று கேட்டார். இந்தப் பயல் உண்மை விளம்பியாக ஹெல்பர் என்று சொல்ல வாயெடுத்தான். மேனேஜர் முந்திக்கொண்டார்.

"ஆமாம், எங்கள் குக்."

சுடலை கரண்டியும் கையுமாக அப்படியே நின்றான். எனக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது.

விமானத்தில் வந்த சாப்பாட்டைத் தொடவில்லை, வயிற்றில் இடமில்லை. கோவில்பட்டியில் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் என் மனைவி பெட்டியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. முதல் கேள்வியே தம்பியைப் பற்றித்தான்.

"அவன் எப்படி இருக்கான்?"

"குக்கா இருக்கான்" என்றேன்.