கப்பலுக்குள்ள சிமெண்ட் வச்சவங்க

துரு சுரண்டுறது மாதிரி ஒரு வேல உலகத்துல கெடையாதுங்க; காலைல சுரண்டுன எடத்த சாயங்காலம் போய்ப் பாத்தா, நீ யாருடான்னு கேக்கும்.

பெரம்பலூர்லேர்ந்து அரியலூர் போற பஸ்ஸுல ஜன்னலோரம் எடம் கெடச்சவங்க பாத்திருப்பீங்க. ஒரு தனியார் காலேஜ் வாசல்ல கப்பல் நிக்கும். அதச் சுத்தம் பண்ணி, வர்றவங்களுக்கு சுத்திக் காட்டுனவன் நான்தான். அதே காலேஜ்ல கப்பல் படிப்பு சேந்து ரெண்டாவது வருசத்துல ஓடிவந்தவனும் நான்தான். நான் படிச்ச வரைக்கும் அங்க கடலச் சேர்ந்த ஒரே பொருள் கேண்டீன் கருவாட்டுக் கொழம்பு. அப்புறந்தான் தாளாளர் ஒரு துறைமுகத்துல ஏலத்துக்கு வந்த பழைய டக்க, அதான் பெரிய கப்பல இழுக்குற சின்னக் கப்பல, வாங்கி, ரெண்டா அறுத்து, டிரெய்லர்ல கொண்டாந்து, ஒட்ட வச்சு, கான்கிரீட் திண்டு மேல உக்கார வச்சாரு. அதுக்காகவே நான் திரும்பி வந்து வேலைக்குச் சேந்தேன். இன்னொருத்தர் பொருள் மேல பாசம் வச்சு, அத அவரே நாசம் பண்றத நின்னு பாத்தவங்க யாராவது இருந்தா, வாங்க, நம்ம ஆளு நீங்க.

டிராக்டர் போதாதா

வர்றவங்க மொதல்ல கேக்குறது, "எந்த ஆத்துல வந்துச்சு?"ன்னுதான். குன்னம் பக்கத்து விவசாயி ஒருத்தர் குடும்பத்தோட வந்தாரு. நான் பொறுமையாச் சொன்னேன். "எறையூர் ஆலைக்குப் போற கரும்பு லோடு சேத்துல மாட்டுனா, முன்னாடி இன்னொரு டிராக்டர் கட்டி இழுப்பீங்கல்ல, அந்த வேலதாங்க இதுக்கு. பெரிய கப்பலுக்கு துறைமுகத்துக்குள்ள தானாத் திரும்ப முடியாது. இது கயிறு போட்டு இழுக்கும், மூக்க வச்சுத் தள்ளும். புயல்ல எல்லாக் கப்பலும் உள்ள ஒதுங்குனா, இது மட்டும் வெளிய போகும்."

அவர் டக்கோட கொக்கிய நல்லா ஆட்டிப் பாத்தாரு. தூக்கு வாளி அளவு கொக்கி. எனக்கு ஒரே பெருமை. ஆளு மயங்கிட்டாருன்னு நெனச்சேன். திரும்பி சொன்னாரு, "அதான் ஒரு டிராக்டர் போதும்னு நீயே சொல்லிட்டியே தம்பி, அப்புறம் எதுக்கு இவ்ளோ இரும்பு?"

பெயிண்ட்

அட்மிஷன் சீசன் வந்தா கப்பலுக்குப் பெயிண்ட் அடிப்பாங்க. துருவ எடுக்க மாட்டாங்க, துரு மேலயே அடிப்பாங்க. மூஞ்சி கழுவாம பவுடர் போடுற மாதிரி. கப்பல் மூக்குல பழைய பேர வெல்டிங்ல எழுதியிருப்பாங்க, அத நான் மூணு வாரம் சுரண்டி வெளிய கொண்டாந்தேன். கட்டட சூப்பர்வைசர் ராசு அண்ணன் ஒரே காலைல அது மேல நீலத்த அடிச்சு, காலேஜ் பேரையும் போன் நம்பரையும் எழுத வச்சுட்டாரு.

நான் கத்துனேன். அவர் டீயக் குடிச்சுக்கிட்டே சொன்னாரு, "புள்ளைய சேக்க வர்றவன் சுரண்டியாடா பாக்கப் போறான்?"

அடைச்சாச்சு

இப்பச் சொல்றதுதான் எனக்கு வயிறு எரியுற விசயம். தரையில நிக்கிற கப்பலுக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கணும். மேல விழுற மழ உள்ள எறங்கும், அந்த ஓட்டை வழியா வெளிய போயிரும். கப்பல அறுத்தவங்க விவரமானவங்க, ஓட்டை போட்டுத்தான் அனுப்புனாங்க.

உடையார்பாளையத்துல அத்தை மவ கல்யாணம்னு மூணு நாள் போயிட்டு வரேன், ஓட்டையக் காணோம். நல்லா வழவழன்னு பூசி, காயாம இருக்க ஈரச் சாக்கு வேற கட்டியிருக்கு. எங்க பக்கம் ரோட்டுல போறதுல பாதி சிமெண்ட் லாரி. எது ஒழுகுனாலும் கை தானா சிமெண்ட்டுக்குத்தான் போகும். கூரையா, குழாயா, கப்பலான்னு பாக்குறதில்ல. "ஏண்ணே இப்படிப் பண்ணுனீங்க, மழத் தண்ணி எங்க போகும்?"னு கேட்டேன்.

ராசு அண்ணன் என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "கப்பல்ல ஓட்டை இருக்கலாமாடா? இதுக்குத்தான் ஒழுங்காப் படிக்கணுங்கிறது."

லீவுல வந்தவர்

ஐப்பசி மழ நல்லாப் பேஞ்சுது. இஞ்சின் ரூமுக்கு மேல கண்ணாடி ஒடஞ்சு கெடக்கு. தார்ப்பாய் கேட்டேன், பந்தலுக்குப் போயிருச்சாம். மோட்டார் கேட்டேன், புல்தரைக்கு வேணுமாம். நான் வாளியில மொண்டேன், வானம் அண்டாவுல ஊத்துச்சு. உள்ள முழங்கால் தண்ணி.

அப்பத்தான் லப்பைக்குடிக்காட்டுலேர்ந்து சலீம் பாய் குடும்பத்தோட வந்தாரு. வளைகுடாவுல ஒரு துறைமுகத்துல டக்லயே இஞ்சின் வேல பாக்குறவரு, லீவுல வந்திருக்காரு. புள்ளைங்கள செல்பி எடுக்க மேல விட்டுட்டு அவர் மட்டும் ஏணியில எறங்குனாரு. பேண்ட்ட மடிச்சு விட்டுக்கிட்டு தண்ணியில நடந்து போய், இஞ்சினோட சக்கரத்துல கைய வச்சாரு. தண்ணி அதோட அடிவிளிம்ப நக்கிக்கிட்டு இருந்துச்சு.

"ஹயாத்து இருக்கு தம்பி, இன்னும் சாவல"ன்னாரு. "ஆனா இன்னும் ஒரு சாண் ஏறுனா முடிஞ்சுது." மேல வந்து காலத் தொடச்சுக்கிட்டு என்னைய ஒரு மொற மொறச்சாரு. "காலமெல்லாம் கடல்ல கெடந்து முங்காத கப்பல, தண்ணிக்கு போர் போட்டு சாவுற ஊருல கொண்டாந்து முக்கிட்டீங்களே."

இருவது டேபிள்

நேரா தாளாளர்கிட்ட போனேன். வெள்ளச் சட்ட, வெள்ள வேட்டி, கண்ணு மட்டும் போன்ல. ஓட்டைய ஒடைக்கணும் சார்னேன். "ஒடைச்சா அசிங்கமா வழியும்ப்பா, கார் நிறுத்துற எடம்"னாரு. இஞ்சின் போயிரும் சார்னேன். அப்பத்தான் நிமுந்தாரு. போயிட்டா நல்லதுதானாம், வெட்டி எடுத்துட்டு உள்ள கேண்டீன் போடப் போறாராம், திங்கக்கெழம கேஸ் கட்டர் வருதாம்.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, கோவத்துல. "இஞ்சின் கையால சுத்துனா விட்டுடுவீங்களா சார்?"னு கேட்டேன். கூட நின்ன புரொபசருங்கல்லாம் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டு சொன்னாரு, "துருப்புடிச்சது சுத்தாதுப்பா. இருவது டேபிள் போடலாம், நீயே சர்வரா இருந்துக்க."

திங்கக்கெழம

ஞாயித்துக்கெழம காலைல கப்பலுக்கு அடியில மல்லாக்கப் படுத்தேன். உளி, சுத்தி. ராசு அண்ணன் வேலைய கொற சொல்லவே முடியாது, கலவை அப்படி ஒரு கலவை. மூஞ்சியெல்லாம் சிமெண்ட் தூள். மத்தியானம் ஒரு அடி, உளி உள்ள போயிருச்சு. கருப்புத் தண்ணி நெஞ்சு மேலயே பீச்சி அடிச்சுது. எண்ணெயும் துருவுமா சாயங்காலம் வரைக்கும் ஓடி, கார் நிறுத்துற எடத்தத் தாண்டி, தாளாளர் வெளியூர்லேர்ந்து வரவழைச்ச புல்தரையில போய் நின்னுச்சு. பச்சப் புல்லு, ஒரே நாள்ல எரும நெறம்.

நான் போன் பண்ணுன ஒடனே சலீம் பாய் ஒரு கேன் டீசலோட வந்தாரு. இஞ்சின்ல காத்து போற வால்வெல்லாம் தெறந்து, இண்டு இடுக்குல டீசல ஊத்தி ஊற விட்டாரு. மறுநாள் தாளாளர் முன்னாடி, சக்கரத்து ஓட்டையில நீளக் கம்பிய சொருவி நாங்க ரெண்டு பேரும் தொங்குனோம். மொதல்ல அசையல. கேஸ் கட்டர்காரரு சிலிண்டர எறக்க ஆரம்பிச்சுட்டாரு. பாய் பிஸ்மி சொல்லி இன்னொரு தரம் ஏறி மிதிச்சாரு. முனகுச்சு. அப்புறம் கால் சுத்து, அர சுத்து, முழுச் சுத்து. மறுபடி ஒண்ணு. கேஸ் கட்டர்காரரே கை தட்டுனாரு.

தாளாளர் சொன்ன வாக்க மீறல, அத ஒத்துக்கணும். ஏணியில ஏறி வெளிய வந்து, புல்தரைய ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் ராசு அண்ணனக் கூப்ட்டு நிதானமாச் சொன்னாரு, "இஞ்சின் இருக்கட்டும்; இந்தப் பயல வெளிய எடுத்துருங்க."

ஆக, ஓட்டைய அடைச்சவர் இன்னும் சூப்பர்வைசர், தெறந்தவன் எதிர் பஸ் ஸ்டாப்புல வேல தேடிக்கிட்டு நிக்கிறான், மழ பேஞ்சா கப்பலுக்கு அடியில தண்ணி ஒழுகுதான்னு எட்டிப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுறான்.