ஊசியின் குளிர் போகும்வரை

அண்ணனுக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தபோது இருபத்திரண்டு வயது. திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு வலிக்காதா என்று எல்லோரும் இருந்துவிட்டோம். தைலம் தேய்த்தோம், சுளுக்கு எடுத்தோம். காலையில் விறைத்துக் கிடப்பான். வேலைக்குப் போய் உடம்பு சூடேறினால் சரியாகிவிடும். படுத்தால் கூடி, வேலை செய்தால் குறைகிற வலி என்ன வலி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழெட்டு வருஷத்தில், எங்கள் தெருவிலேயே உயரமானவன் கூன் விழுந்து தரையைப் பார்த்து நடக்கிறவனாகிவிட்டான்.

எனக்கும் வந்தபிறகுதான் அது ஒரு நோய் என்றே தெரிந்தது. கல்யாணமாகி வெள்ளானூர் வந்த இரண்டாவது வருஷம், சுவரைப் பிடிக்காமல் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. மூட்டு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். அடுத்த வாரமே அண்ணனை அழைத்துக்கொண்டு போனேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்குகிறது, நாளாக ஆக எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்றார். மாத்திரை போதவில்லை. டிபி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஒரே பயாலஜிக் ஊசியை இரண்டு பேருக்கும் ஆரம்பித்தார். இரண்டு வாரத்துக்கு ஒன்று.

இரண்டு பேர் ஊசிகளையும் சேர்த்து வாங்கி, நூம்பலில் அண்ணன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஆவடி வந்து, பஸ் மாறி அங்கே போவேன். வெளியே எடுத்து வைத்து, குளிர் போக அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனும் நானும் தனியாக உட்கார்ந்து பேசியது அந்த அரை மணி நேரங்களில்தான். வயிற்றில் தானே குத்திக்கொள்வான். "எனுக்கு இது ஈஸிம்மா, எப்பவும் குனிஞ்சிகினுதானே கீறேன்" என்பான். நான் சிரிக்க மாட்டேன்.

முன்பெல்லாம் பைக்கில் போகும்போது கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னோடு பேசுவான். ரோட்டைப் பார் என்று அவன் முதுகில் அடிப்பேன். அப்படி அவன் ஒரே ஒருமுறை திரும்பினால் போதும் என்று இருந்தது. ஊசி அதைக் கொடுத்துவிடும் என்று நம்பினேன்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு காலை, பாயைச் சுருட்டி மூலையில் வைத்த பின்தான் கவனித்தேன்: குனிந்து நிமிர்ந்திருக்கிறேன், வலிக்கவில்லை. அழுகை வந்தது. முதலில் நினைத்தது அண்ணனைத்தான். போனில் கேட்டேன். அவனுக்கு ஒன்றும் மாறவில்லை.

அதன்பின் அவன் வீட்டில் மெதுவாக நடக்க ஆரம்பித்தேன். எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் ஊசிகளை மேஜைமேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவன் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனுக்கு மூஞ்சி தெரியாது, கால் நல்லாத் தெரியும்" என்றான். "இன்னாத்துக்கு என் முன்னாடி நொண்டறே? உனுக்காவது கேட்டுச்சேன்னு நான் சந்தோசமாக் கீறேன். அதையும் மறைக்காதே பாப்பா."

நான் அவன் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்துதான் அவன் முகம் முழுசாகத் தெரிந்தது. கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு ஊசி போட ஒரு மணி நேரமாகிவிட்டது.

நான்கு மாதம் பார்த்துவிட்டு டாக்டர் அவனுக்கு வேறு வகை பயாலஜிக் மாற்றினார். ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்காமல் போகலாம், ஒட்டிவிட்ட எலும்பை எதுவும் பிரிக்காது, வலியைக் குறைக்கலாம் என்றார். புது ஊசி கேட்டது. மத்தியானம்வரை இருந்த விறைப்பு ஒரு மணி நேரத்தில் விடுகிறது. தூக்கம் வருகிறது. கம்பெனியில் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கழுத்து மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

புது ஊசி அவனுக்கு மாதம் ஒருமுறை. என் ஊசி இப்போது என் வீட்டு ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். எதிரே யாரும் இல்லை. சில நாள் அவனுக்குப் போன் செய்வேன். தூங்குகிறார், எழுப்பவா என்பாள் அண்ணி. வேண்டாம், தூங்கட்டும் என்பேன்.